தொடுமுன் கேட்கிற கைகள்

கனடாவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழரான எங்கள் ஆட்கள் மசாஜுக்குப் போவது இப்போது சாதாரணமான விஷயம். தொழிற்சாலையில் பெட்டி தூக்கியவர்கள், இரவிரவாகக் கட்டடம் துப்புரவாக்கியவர்கள், கடையில் நின்றே காலம் கழித்தவர்கள் நாரி நோவோடும் தோள்மூட்டு நோவோடும் போகிறார்கள். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இதற்குக் காசு தராது. வேலைத்தலக் காப்புறுதி உள்ளவர்களுக்கு அது கைகொடுக்கிறது. பிள்ளைகள் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்பா பரிசு அட்டை வாங்கிக் கொடுக்கிறார்கள். எங்கே போனாலும் முதலில் ஒரு படிவம் தருவார்கள். என்ன வருத்தம், என்ன குளிசை, எங்கே சத்திரசிகிச்சை நடந்தது, எது ஒவ்வாது என்று கேட்டிருக்கும். எங்களில் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடையாளம் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அகதி வழக்குக்காக நிரப்பிய படிவங்களில் ஒரு திகதி பிசகினாலும் என்ன ஆகுமோ என்று நடுங்கியவர்கள் நாங்கள். படிவம் என்றாலே குறைத்துச் சொல்லப் பழகிவிட்டோம். புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று பயப்படும் தாய்மாரும் உண்டு. ஊரில் நாட்டு வைத்தியரான பரியாரியாருக்கு எதையும் எழுதிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிட்டவருக்கு எங்கள் பாட்டனின் மூட்டுவாதமும் தெரியும், அம்மாவின் பிள்ளைப்பேறும் தெரியும். இங்கே எங்களைத் தொடுகிறவர் எங்களை முதன்முதலாகக் காண்கிறார். அந்தப் படிவத்தில் உள்ளதுதான் அவர் எங்களைப் பற்றி அறிந்தது.

அதில் மறைப்பது சின்ன விஷயம் அல்ல. நீண்டகாலமாகச் சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். சுடுகல் வைத்தால் தோல் வெந்தபிறகுதான் தெரியவரும். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவரை அழுத்திப் பிடித்தால் தோலுக்குக் கீழே இரத்தம் கண்டிவிடலாம். காலின் ஆழத்தில் இரத்தம் கட்டியிருந்தால் மசாஜில் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். பிரஷருக்குக் குளிசை எடுப்பவர் சுடுநீர்த் தொட்டியில் கிடந்துவிட்டுச் சட்டென்று எழும்பினால் தலைசுற்றி விழக்கூடும். கருவுற்ற முதல் மாதங்களில் தாயின் உடல்வெப்பம் மிகக் கூடுவது சிசுவின் முள்ளந்தண்டைப் பாதிக்கலாம். பாதாம், எள் ஒவ்வாதவருக்கு அந்த எண்ணெய்களே ஆபத்து.

எங்கள் சனத்துக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. போரில் பட்ட செல் துண்டையும் சன்னத்தையும் இன்னும் உடம்புக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்காது. ‘வேறு ஏதாவது’ என்ற இடத்தில் அதை எழுதவேண்டும். எப்படி வந்தது, எந்த ஊரில் வந்தது என்று சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ‘இடது தோளில் உலோகத் துண்டு இருக்கிறது, அழுத்தவேண்டாம்’ என்ற ஒரு வரியே போதும். குப்புறப் படுக்கவைத்தால், பின்னாலிருந்து தொட்டால் பதறும் என்றால் அதையும் சொல்லலாம். அதுவும் உடல்நலத் தகவல்தான்.

ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். பதிவுபெற்ற சிகிச்சையாளர் எங்கே, எதற்காகத் தொடப்போகிறார் என்று விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். கொடுத்த சம்மதத்தை நாங்கள் இடையிலும் மீளப்பெறலாம். 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்துகிறது. பொதுவாக உங்கள் வருத்தத்தை உங்கள் சம்மதமின்றி அவர் சொந்தக்காரருக்கோ முதலாளிக்கோ சொல்லமுடியாது. ஆனால் ஸ்பாவில் வேலை செய்கிற எல்லோரும் பதிவுபெற்றவர்கள் அல்லர். பதிவு உண்டா, இந்தப் படிவத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு மொழிபெயர்க்க நீங்கள் பக்கத்தில் இருப்பது அன்புதான். ஆனால் மார்பில் நடந்த சத்திரசிகிச்சையையும் கலைந்துபோன கருவையும் மகன் காதுபட அவர் சொல்லமாட்டார். நிணநீர்க் கணு எடுத்த பக்கத்துக் கையை எப்படிக் கையாளவேண்டும் என்பது சிகிச்சையாளருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம். தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடிக் கொடுங்கள். இல்லையென்றால் படிவத்தை முதலிலேயே வாங்கி, அம்மா நம்புகிற ஒரு பெண்ணோடு இருத்தி நிரப்பவிடுங்கள். மருந்துக்கடையில் கேட்டால் அவருடைய குளிசைகளின் பட்டியலை அச்சிட்டுத் தருவார்கள். அதையும் கொடுத்துவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைப்பார்கள், எண்ணெயை மாற்றுவார்கள், படுக்கவைக்கும் விதத்தை மாற்றுவார்கள். சிலவேளை வைத்தியரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அப்போது கோபப்படவேண்டாம், அது உங்கள் உயிர்மேல் வைத்த கவனம். பரியாரியார் இல்லாத இந்த நாட்டில் எங்கள் உடம்பின் கதையைச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள்தான். பேனையை எடுத்து அதை முழுதாக எழுதுங்கள்.