திரும்பிப் போதலும் திரும்பி வருதலும்

பிறமொழி பயில்வோர்க்கு அதன் பெரிய சொற்களால் அத்துணை இடர் விளைவதில்லை. சிறிய சொற்களே தொல்லை தருவன. ஆங்கிலத்தில் 'பேக்' என்னும் சிறு சொல் இதற்கு நல்ல சான்று. 'கோ பேக்', 'கம் பேக்', 'கெட் பேக்', 'பீ பேக்' ஆகிய நான்கையும் 'திரும்புதல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆயினும், அவற்றுள் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்று பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பேசுபவரை விட்டு விலகி, முன்பிருந்த இடத்திற்கு மீள்வது 'கோ பேக்'. 1928ஆம் ஆண்டில் சைமன் குழுவினர் இந்தியாவிற்கு வந்தபொழுது, கறுப்புக் கொடி ஏந்திய நம் மக்கள் 'சைமன், கோ பேக்' என்றே முழங்கினர். அவ்விடத்தில் 'கம் பேக்' என்றிருப்பின் எதிர்ப்பு வரவேற்பாக மாறியிருக்கும்! பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் இடத்தை நோக்கித் திரும்புவதே 'கம் பேக்'. 'கெட் பேக்' என்பது பயணத்தைவிட வந்து சேர்ந்தமையைச் சிறப்பாகக் குறிக்கும். இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்தவர் 'ஐ காட் பேக் அட் டென்' என்பார். 'பீ பேக்' என்பதோ திரும்பி வந்து இருக்கும் நிலை. ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்படுபவர் 'ஐ வில் பீ பேக் பை சிக்ஸ்' என்பார். 'ரிட்டர்ன்' என்னும் சொல்லிலேயே மீளுதற்பொருள் அடங்கியிருத்தலின், அதனோடு 'பேக்' சேர்ப்பது மிகை. 'கோ பேக்' என்பதன் பின் 'ஆன்' என்னும் சொல் சேர்ந்தாலோ, கொடுத்த வாக்கைத் தவறுதல் என்று பொருளே வேறாகிவிடும்.

இவ்வேறுபாடு எங்கள் இல்லத்தில் உயிருள்ள வினாவாகவே எழுந்தது. தில்லியில் பிறந்து வளரும் என் பேத்திக்கு வயது பத்து. வரவிருக்கும் கோடை விடுமுறையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை வரைந்துகொண்டிருந்தவள், "தாத்தா, தஞ்சாவூருக்கு 'கோ பேக்' என்று எழுதுவதா, வெறும் 'கோ' போதுமா?" என்று வினவினாள். நான் அங்கே பிறந்து, இருபத்திரண்டாம் வயதில் பணியின் பொருட்டு இங்கு வந்தவன். எனக்கு 'கோ பேக்' முற்றும் தகும். அவளோ சென்ற ஆண்டு கண்ட ஊருக்கு மறுபடியும் போகிறோம் என்ற கருத்தில் அவ்வாறு எழுதலாம். வீடு திரும்புகிறோம் என்ற பொருளில் எழுத இயலாது. விடுமுறை முடிந்து தில்லிக்கு இரயிலேறும்பொழுதுதான் அவளுக்கு அந்தப் பொருள் வாய்க்கும். இதை அவளுக்கு விளக்கியபொழுது என் நெஞ்சம் சற்றே கனத்தது.

அன்று மாலை, தஞ்சையில் இருக்கும் என் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு வயது எண்பத்து நான்கு. "எப்பொழுது வரப்போகிறாய், தம்பி?" என்றார். "மே மாதம் எல்லாரும் வருகிறோம், அக்கா" என்றேன். பேத்தி விடவில்லை. "என்னிடம் 'போகிறோம்' என்றீர்கள், அத்தைப் பாட்டியிடம் 'வருகிறோம்' என்கிறீர்களே!" என்றாள்.

நல்ல வினா. இதற்கு விடையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே வகுத்து வைத்திருக்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அவர் காட்டும் நெறி. கேட்பவர் அங்கே இருப்பாராயின், நம்முடைய போக்கு அவருக்கு வரவாகிறது. ஆங்கிலத்திலும் முறை இதுவே. என் தமக்கையாருக்கு மடல் எழுதுவோமாயின் 'வீ ஆர் கமிங்' என்றே எழுதுதல் வேண்டும். ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகட்கு இந்த விதியைத் தமிழிலிருந்தே எளிதில் விளக்கலாம்.

இவ்விதியில் மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. 'போகிறோம்' என்பதற்கு ஊர் ஒன்று இருந்தாற் போதும். 'வருகிறோம்' என்பதற்கோ அங்கிருந்து கேட்பார் ஒருவர் வேண்டும். என் வயதினர் பலர்க்கு ஊரில் வீடும் இல்லை, உற்றாரும் இல்லை. குலதெய்வ வழிபாட்டிற்காகப் போய், விடுதியில் தங்கி மீள்கின்றனர். அவர்கள் 'ஊருக்குப் போனோம்' என்று நம்மிடம் சொல்லுகிறார்கள். 'வருகிறோம்' என்று சொல்லுதற்கு அங்கே அவர்கட்கு எவரும் இல்லை. இங்குப் பிறந்த குழந்தைகளிடம், தாம் வாழ்ந்தறியாத ஊரைத் தம் வீடென்று சொல்லும்படி வற்புறுத்துதல் முறையன்று. அது அவர்கள் மீது சுமத்தும் பொய்யாகும். ஆனால், 'வருகிறோம்' என்று சொல்லும் உரிமை, அங்கே ஒரு முதியவர் இருக்கும் வரையில் அவர்களுக்கும் உண்டு.

ஆதலின், ஊரிலிருந்து அழைப்பு வரும்பொழுது பெரியவர்களே பேசி முடித்துவிடுதல் நன்றன்று. தொலைபேசியைக் குழந்தைகளிடமும் கொடுங்கள். அன்று நானும் கொடுத்தேன். "அத்தைப் பாட்டி, நாங்கள் மே மாதம் வருகிறோம்" என்று பேத்தி தமிழில் சொன்னாள். "வா, கண்ணே, வா" என்ற மறுமொழி எனக்கும் கேட்டது.