லாகீஸ் சுவரும் களிமண் பட்டகமும்

லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள், உள்ளே நன்கொடைப் பெட்டி இருக்கும், அவ்வளவுதான். ரொசெட்டா கல்லை மொய்த்து நிற்கும் கூட்டத்தை ஒதுக்கி, மனித முகமும் இறக்கையும் கொண்ட அசீரியக் காளைகளைத் தாண்டிப் போனால் 10பி அறை. கூட்டம் அங்கே பாதிகூட இல்லை.

சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பலகைக் கற்கள். நினிவேயில் அசீரிய ராஜா சனகெரிபின் அரண்மனையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அகழ்வாராய்ச்சியாளர் லேயார்டு தோண்டி எடுத்தவை. கி.மு. 701-ல் யூதா ராஜ்யத்தின் லாகீஸ் நகரம் விழுந்த கதையை இடமிருந்து வலமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கவண்காரர்கள், அவர்களுக்கு முன்னால் வில்வீரர்கள், அப்புறம் மதிலை நோக்கி ஏறும் மண்மேடு. மேட்டில் மதிலை இடிக்கும் வண்டி ஏறுகிறது. மேலிருந்து தீப்பந்தம் வீசுகிறார்கள். வண்டிக்குள் இருக்கும் ஒருவன் நீண்ட கரண்டியால் தண்ணீர் மொண்டு அதன் முகப்பில் ஊற்றுகிறான், தீப்பிடிக்காமல் இருக்க. இதைச் செதுக்கியவனுக்கு முற்றுகை எப்படி நடக்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. கீழே மூன்று பேரைக் கழுவேற்றியிருக்கிறார்கள். மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சு, அதன்மேல் பெண்கள், குழந்தைகள். வலப்பக்கம் சிம்மாசனத்தில் ராஜா. அவன் முகத்தை மட்டும் பின்னால் யாரோ கொத்தி எடுத்துவிட்டார்கள்.

எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் லாகீஸின் மேடு இன்றும் இருக்கிறது. அங்கே தோண்டியபோது முற்றுகை மண்மேடும், கவண்கற்களும், அம்பு முனைகளும் கிடைத்தன. கல்லில் பார்ப்பது கற்பனை இல்லை.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் குழுவிடம், “எருசலேமில் தோற்றதை அசீரிய ராஜாவே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறான், மேலே இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இருக்கிறதென்றால் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே. படியேறினேன்.

55-ஆம் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் டெய்லர் பட்டகம். ஆறு முகம் கொண்ட சுட்ட களிமண், உயரம் ஒரு முழம்கூட இல்லை. எழுத்து எறும்பு வரிசை மாதிரி நெருக்கம். அதைப் படிக்க எனக்கு எங்கே தெரியும்? மொழிபெயர்ப்பை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்தேன் என்கிறான் சனகெரிப். யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையாக அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கப்பம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி (தாலந்து அந்தக் கால எடை அளவு). வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்திலும் அதே 30 தாலந்து பொன்தான். வெள்ளி மட்டும் 300. கொடுத்தவர் கணக்குக்கும் வாங்கியவர் கணக்குக்கும் 500 தாலந்து இடிக்கிறது. என்னைக் கேட்டால், எல்லாம் ஒத்துப்போயிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இன்னொன்று. கீழே ஒரு அறை நிறைய இடம் பிடித்த லாகீஸின் பெயர் இந்தப் பட்டகத்தில் வரவே இல்லை. வேதாகமத்திலோ சனகெரிப் அங்கே பாளயமிறங்கிய இடமாகப் பெயர் வருகிறது, ஊர் விழுந்த விதம் இல்லை. எருசலேம் கைக்கு வந்திருந்தால் அரண்மனைச் சுவரில் லாகீஸுக்கு இத்தனை இடம் கிடைத்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

தேவதூதன் ஒரே ராத்திரியில் 1,85,000 அசீரியர்களைச் சங்கரித்ததாக அடுத்த அதிகாரம் சொல்கிறது. கையிலிருந்த தாள்களை இன்னொரு தரம் புரட்டினேன். அப்படி ஒரு சாவு பட்டகத்தில் இல்லை. அடிபட்ட ராஜா அதை எழுதி வைத்திருக்கவும் மாட்டான். ஆனால் அவன் எழுதாமல் விட்டதை வைத்து, தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அந்த வழிகாட்டி சொன்னது கூடுதல்தான்.