காந்தம் சொல்லாத சேதி

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் குடிபாலா. ஆந்திரம்தான், ஆனால் டீக்கடையில் தெலுங்கில் தொடங்கும் பேச்சு தமிழில் முடிகிறது. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தூர்ச் சீமை ஆயிற்றே!

எதிரே மொபெட் நிறைய எவர்சில்வர் பாத்திரங்களுடன் ஒரு வியாபாரி. பேத்தியின் கல்யாணச் சீருக்குச் சம்படம் பார்க்கிறார் ஒரு மூதாட்டி. "நல்ல சரக்கா நைனா?" வியாபாரி சம்படத்தின் அடியில் காந்தத்தை வைக்கிறார். நழுவி விழுகிறது. "பார் பாட்டி, அசல்!" பாட்டி விடவில்லை. காந்தத்தை வாங்கி வாய் விளிம்பில் வைக்கிறார். லேசாகப் பிடிக்கிறது. முகம் சுருங்குகிறது.

பாவம், இருவரையுமே காந்தம் ஏமாற்றுகிறது.

சம்படம் தட்டிச் செய்த பொருள் அல்ல, இழுத்துச் செய்தது. வட்டத் தகட்டை அச்சின் துளை மேல் வைத்து, ஓரத்தை ஒரு வளையத்தால் அழுத்திக்கொண்டு, நடுவில் உருளையை இறக்குகிறது பிரஸ். ஓரத் தகடு உள்நோக்கி வழிந்து சுவராகிறது. வளையம் தளர்ந்தால் புடவைக் கொசுவம்போல மடிப்பு விழும். இறுகினால் அடிமுனை கிழியும். ஒரே இழுப்பில் வட்டத்தின் விட்டத்தில் ஏறக்குறையப் பாதி வரைதான் குறுக்கலாம். இன்னும் ஆழம் வேண்டுமானால் சுமார் 1,050 டிகிரியில் காய்ச்சி, மறுபடி இழுக்க வேண்டும்.

இதில் அடிப்பாகம் அதிகம் வதைபடுவதில்லை. விளிம்புதான் நெரிபடுகிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட நல்ல தகட்டில் காந்தம் ஒட்டாது. ஆனால் நெரிபட்ட இடத்தில் உலோகத்தின் உள் அமைப்பே மாறி, கொஞ்சம் ஒட்டும். பாட்டி கண்டது குற்றமல்ல.

வியாபாரி காட்டியதும் சான்றல்ல. விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த தகட்டிலும் காந்தம் நழுவும். அந்த மலிவுத் தகட்டை ஆழமாக இழுத்து, காய்ச்சாமல் விட்டால் வினை. அலமாரியில் சும்மா இருக்கும் பாத்திரம் சில நாள் கழித்து விளிம்பிலிருந்து தானாக வெடிக்கலாம்.

தயங்கித்தான் இதைச் சொன்னேன். வியாபாரி காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டி சம்படத்தைச் சுண்டிப் பார்த்தார். பேரம் பேசி வாங்கியும் விட்டார்.

"பேர் வெட்டறதை மட்டும் ஒரு மாசம் கழிச்சு வெச்சுக்கறேன், நைனா."