மூன்றாவது ஆள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக் காகிதங்கள் எல்லாம் என் தலையில்தான். ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம், மின்கட்டணம், தங்கையின் சாதிச் சான்றிதழ், எது வந்தாலும் "அவன் படிச்சவன், அவன்கிட்ட குடு" என்று அம்மா சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு ஆவணியில் அப்பா தம் காரின் இன்சூரன்ஸ் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நாளு முடியுது கண்ணு. எது கம்மியோ அதப் போட்டுடு."

கைப்பேசியில் பார்த்தேன். முழுக் காப்பீட்டுக்கு ஒரு தொகை. 'மூன்றாம் தரப்பு மட்டும்' என்றால் அதில் பாதிக்கும் குறைவு. என் பருவத் தேர்வுக் கட்டணமும் அதே வாரம் கட்டவேண்டியிருந்தது. குறைந்ததையே தொட்டேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பா என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அப்பாவின் தொழிலைப் பற்றி இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தாத்தா ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். அப்பா இருபது ஆண்டுகள் பிறர் காருக்கு டிரைவராக இருந்து, கடன் வாங்கி ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். அது வெள்ளைப் போர்டு வண்டி. அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவானது. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு வேண்டும். டி போர்டு என்று நாம் சொல்வது அதைத்தான். அது இல்லாமலே அப்பா சவாரி ஏற்றினார். தவறென்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் மனிதத் தலைகளாகி விடுவதை நீங்கள் அறிவீர்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப்போக வண்டி தேடி அலைவார்கள். நம்மூரில் எத்தனையோ வீடுகளுக்கு அந்த இரண்டு இரவுகள்தாம் மாதச் சம்பளம்!

ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த விடியற்காலை. ஒரு தெலுங்கு மூதாட்டியையும் அவர் பேரனையும் காட்பாடி ரயிலுக்கு ஏற்றிச் சென்றார் அப்பா. போளூர் தாண்டி, கண்ணமங்கலத்துக்கு முன்பாக, குறுக்கே ஒரு மாடு வந்தது. வண்டியை ஒடித்தார், அது சாலையோரப் பள்ளத்தில் இறங்கிப் புளியமரத்தில் மோதி நின்றது. அப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு. பேரனுக்கு ஒன்றுமில்லை. மாட்டுக்கும் ஒன்றுமில்லை என்று அப்பா பின்னால் சொன்னார். அதில் அவருக்கு ஏனோ ஒரு திருப்தி.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். "வெளியே யார் மேலயாவது வண்டி மோதிச்சா?" இல்லை என்றேன். "அப்ப இந்தப் பாலிசியில எதுவும் கிடைக்காதுங்க தம்பி."

அப்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. வண்டிக்காரர் முதல் தரப்பு. காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. வண்டிக்கு வெளியே அடிபடுகிறவர் மூன்றாம் தரப்பு. நான் வாங்கியது அந்த மூன்றாவது ஆளுக்கான காப்பு மட்டுமே. நொறுங்கிய முன்பக்கம் அதில் சேராது. பின் இருக்கையில் இருந்த மூதாட்டியும் சேரமாட்டார். ஓட்டுகிற உரிமையாளருக்கென்று 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பும் உண்டு. அது உயிர்போனால், அல்லது நிரந்தர ஊனமானால்தான். காறை எலும்பு எந்தக் கணக்கிலும் இல்லை. முழுக் காப்பீடே எடுத்திருந்தாலும், வெள்ளைப் போர்டில் வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் நிறுவனம் கையை விரித்திருக்கும். ஆக, அந்த அம்மா எங்கள் காரில் கால்வைத்த நிமிடம் முதல் எந்தக் காப்பும் இல்லாமல்தான் பயணம் செய்திருக்கிறார். அவர் எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு, "நாயனா, உனக்கு எப்படி இருக்கு?" என்று அப்பாவைத் தெலுங்கில் கேட்டாராம்.

அதன்பின் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். வண்டி ஓட்டுகிறவர் அடுத்தவருக்காகக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற விதி 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நியாயமான விதிதான். நடந்து போகிற ஏழை என்ன பாவம் செய்தான்? நம் செங்கம் அருகே 2023 அக்டோபரில் சில நாள் இடைவெளியில் நடந்த இரு கொடிய விபத்துகளை நினைத்தால், இந்தச் சட்டத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்? ஈரோடு மாவட்டத்து வழக்கொன்றில் இதே கேள்வி எழுந்தது. காரில் சென்று இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்ன இழப்பீட்டை, மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டுமே இருந்ததால், சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. மனம் கேளாமல்தானோ என்னவோ, அதே தீர்ப்பில் செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் ஐந்தாண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். வண்டி விலை ஏறிவிடும் என்று நாடெங்கும் கூக்குரல். செப்டம்பர் 13-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இயற்றுவோர் இதைக் கவனிப்பார்கள் என்று நம்புவதாக நீதிமன்றம் கூறிற்று.

2018-லும் இப்படி ஒரு நாள் வந்தது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதுக் காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே விற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஜூலை 20-ல். அதே ஜூலை 20-ல்தான் நாடு முழுவதும் லாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. டீசல் விலை, சுங்கக் கட்டணம் இவற்றோடு இன்சூரன்ஸ் கட்டண உயர்வும் அவர்கள் குறைகளில் ஒன்று. முறிந்த எலும்புகளைப் பார்த்தவர் ஒருபுறம், கட்டணம் கட்டுகிறவர் மறுபுறம். இருவர் பேச்சிலும் எனக்குப் பொய் தெரியவில்லை.

"வருஷா வருஷம் ஏத்துறான், பகல் கொள்ளை" என்று எங்கள் தெரு டீக்கடையில் சொல்வார்கள். நானும் தலையாட்டியவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு அரசு நிர்ணயித்த மூன்றாம் தரப்புக் கட்டணம் 2019-ல் 3,221 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 3,416. ஏற்றம் 195 ரூபாய், ஏறக்குறைய ஆறு சதவீதம். இது எங்களைக் கொல்லவில்லை. அதே அளவுள்ள டி போர்டு காருக்கு 7,940. அதோடு பயணி ஒருவருக்கு 978. நான்கு பயணிகளுக்குச் சேர்த்தால் 11,852. இதன்மேல் 18 சதவீத வரி போட்டால் 13,985. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியை நீக்கியபோது எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. இரவு பகல் ஓடும் வாடகை வண்டிக்கு விபத்து வாய்ப்பு அதிகம், கட்டணமும் அதிகம். நிகழ்தகவு படிக்கும் எனக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் மூன்றரை மடங்கு வித்தியாசத்தை வைத்துவிட்டு, மாதம் இரண்டு இரவு சம்பாதிக்கிறவனை மஞ்சள் போர்டுக்கு வா என்றால் அவன் எப்படி வருவான்? பயணியோடு சேர்ந்து இருட்டிலேயே ஓடுவான். முதல் சில ஆண்டுகளுக்காவது தவணையில் கட்ட வழிசெய்து, வரியைக் குறைத்தால், எங்களைப் போன்ற எத்தனையோ வண்டிகள் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். தோளில் பட்டையோடு அமர்ந்திருந்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக் கேட்டார்.

"இதுல அந்தம்மா எங்க வர்றாங்க?"

"இந்த 978-லப்பா."

நெடுநேரம் பேசவில்லை. அம்மாதான் உள்ளிருந்து, "என் கம்மல வச்சிக் கட்டிக்கலாம், பையன் ஃபீஸுல கை வைக்காதீங்க" என்றார்.

போர்டு மாற்ற மனுக் கொடுத்திருக்கிறோம். வண்டித் தகுதிச் சோதனைக்கு இன்னும் நாள் வரவில்லை. சென்ற பௌர்ணமியன்று எங்கள் கார் வீட்டெதிர் வேம்படியில்தான் நின்றது. அப்பா வேறொருவரின் டி போர்டு வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போயிருந்தார். நான் அந்த முன்சீட்டில் உட்கார்ந்து, மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.