ஊண் மறுத்த உயிர்



உண்ண மறுக்கும் உயிரைக் கண்டால் நம் கை சும்மா இருப்பதில்லை. கெஞ்சுகிறோம், அதட்டுகிறோம், வாயில் திணிக்கிறோம். குழந்தையானாலும் கோழிக்குஞ்சானாலும் இதுவே நம் வழக்கம். இவ்வழக்கத்தைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு பாம்பு என்றால் வியப்படைவீர்கள்.

சென்ற ஆண்டு மதரஸா விடுமுறையில், இங்கிலாந்தில் வாழும் என் லாத்தா வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய பதினான்கு வயது மகன் ஒரு மலைப்பாம்பை வளர்க்கிறான். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட அவ்வினம் நஞ்சற்றது. பெரும்பாலும் ஐந்து அடிக்கு மேல் வளராதது. அஞ்சினால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும்.

பாம்பை வீட்டில் வளர்ப்பது கூடுமா என்று நீங்கள் கேட்கலாம். அது உலமாக்களிடம் தனியே கேட்டறிய வேண்டியது. இந்தியாவிலோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க இடந்தருவதில்லை. ஆயினும், ஓர் உயிரைக் கூண்டில் அடைத்த பின் அதன் பசிக்கு நாமே பொறுப்பு. பூனையைப் பூட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம்.

லாத்தா குடும்பத்தார் புது வீட்டில் குடியேறி ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. அன்று முதல் பாம்பு இரையைத் தொடவில்லை. மருமகன் நாள்தோறும் அதைக் கையிலெடுத்துத் தடவினான். இரையை அதன் முகத்தருகே ஆட்டிக் காட்டினான். அது மேலும் சுருண்டதே தவிர, வாய் திறக்கவில்லை. "யாரிடமாவது கொடுத்துவிடுவோம்" என்றார் மச்சான். பையனும் சரியாகச் சாப்பிடவில்லை. "மாமா, அதுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று ஓரிரவு கேட்டான்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அவர் வாயையும் மூச்சையும் எடையையும் சோதித்து, நோயில்லை என்றார். வளர்ந்த பாம்பு நலமாக இருக்கும்போதே வாரக்கணக்கில் உண்ணாதிருக்கக் கூடும். இடம் மாறிய அச்சமே இங்கு காரணம் என்றார்.

அவர் சொன்ன வழிகள் எளியவை. காட்டில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் ஒடுங்கி வாழும் பிராணி அது. ஆகவே, உடல் நெருக்கமாக அடங்கும்படி இரண்டு மறைவிடங்கள் வேண்டும்: ஒன்று வெப்பமான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில். வெப்பப் பக்கம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 அல்லது 26. போதிய வெப்பம் கிட்டாவிட்டால் பாம்புக்கு இரை செரிக்காது. கண்ணாடிப் பெட்டியின் மூன்று புறமும் தாளால் மறைக்க வேண்டும். தண்ணீர் மாற்றுவதன்றிக் கை வைக்கலாகாது. ஒரு வாரம் கழித்து, உறையவைத்து விற்கும் எலியை நன்கு உருகச் செய்து, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இருட்டிய பின் இடுக்கியால் நீட்ட வேண்டும். மறுத்தால் காலையில் அகற்றிவிட்டு, மீண்டும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது, எங்கள் மதரஸா விடுதிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என் நினைவில் வந்தார்கள். முதல் சில நாட்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். சுற்றி நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்போரால் பயனில்லை. பெட்டியும் பாயும் வைக்க ஒரு மூலையைக் காட்டிவிட்டு, தட்டை அருகில் வைத்து அகன்றுவிடும் சமையற்காரரே அவர்களை உண்ண வைப்பார்.

தொடாதிருப்பதுதான் மருமகனுக்குப் பெருஞ்சோதனை. அறை வாசலில் நிற்பான், திரும்பிவிடுவான். முதல் முறை நீட்டிய இரையைப் பாம்பு ஏற்கவில்லை. பதினைந்தாம் நாள் இரவு, மறைவிடத்திலிருந்து தலை நீட்டி, நொடியில் கவ்வியது. பையன் ஓசையின்றி அழுதான். அடுத்த 48 மணி நேரமும் அதைத் தொடக்கூடாது என்பதால், கதவைச் சாத்திவிட்டு வந்து எங்களோடு வயிறார உண்டான்.

சகோதர சகோதரிகளே! விலகியிருப்பது கைவிடுவதாகாது. வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும். எடை தொடர்ந்து குறைந்தாலோ, மூச்சு இரைந்தாலோ, வாயில் கோழை கண்டாலோ மருத்துவரை நாடத் தாமதிக்கலாகாது. நோயில்லை என்று தெரிந்த பின், அஞ்சிய உயிருக்கு முதலில் வேண்டியது மறைவும் வெப்பமும் அமைதியுமே. உணவு அதற்குப் பின்னரே. நம் பொறுப்பில் உள்ள உயிர்களை அவற்றின் இயல்பறிந்து பேணும் பக்குவத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக!