பச்சைப் புல்லும் பட்டா நிலமும்

பேராக்கில் வீடு வாங்க நினைப்பவருக்கு விளம்பரங்கள் முதலில் காட்டுவது புல்வெளியைத்தான். சன்னலைத் திறந்தால் கோல்ஃப் திடல், அதற்கு அப்பால் சுண்ணாம்புக் குன்று அல்லது கடல். என் அக்காவும் அத்தானும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிறந்த மாநிலத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அத்தானுக்கு கோல்ஃப் பிடிக்கும். அக்காவுக்குக் கோயிலும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒத்துவரும் இடம் தேடி, ஈப்போவிலிருந்து லூமுட் கடற்கரை வரை மூவரும் காரில் சுற்றினோம்.

நாங்கள் மூவருமே தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள். ஆகவே ஒவ்வொரு திடலிலும் இரண்டு கேள்விகள் எங்களுடன் கூடவே வந்தன. இந்தப் புல்லுக்கு அடியில் முன்பு இருந்த நிலம் எது? இனி அது யார் கையில் இருக்கும்? வீடு வாங்குகிறவர் வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால் இவற்றைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஈப்போ நகருக்குள் இருக்கும் ராயல் பேராக் கோல்ஃப் கிளப். 1932-இல் தொடங்கப்பட்டது. முன்பு டைகர் லேன் என்று அழைக்கப்பட்டு, இப்போது சுல்தான் அஸ்லான் ஷா பெயரைத் தாங்கும் சாலையில் இருக்கிறது. ஈயம் ஈப்போவைச் செல்வ நகராக்கிய காலத்தின் நிழல் இன்னும் அந்த வட்டாரத்தில் உண்டு. பெரிய மரங்கள், அகன்ற முற்றங்கள் கொண்ட பழைய பங்களாக்கள், பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல். இந்தத் திடல் வீடு விற்பதற்காகப் போடப்பட்டதல்ல. சுற்றியிருக்கும் வீடுகளுக்கும் கிளப்புக்கும் தனித்தனி வாழ்வு. ஒரு மேம்பாட்டாளரின் வியாபாரம் சரிந்தால் திடலும் சேர்ந்து சரியுமோ என்ற பயம் இங்கே இல்லை. ரயில் நிலையம், பெரிய மருத்துவமனைகள், தைப்பூசத்துக்கு ஊரே திரளும் கல்லுமலைக் கோயில் எல்லாம் சில நிமிடப் பயணத்தில். இடிஎஸ் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரம் போல கோலாலம்பூர். ஆனால் விற்பனைக்கு வரும் வீடுகள் குறைவு. வந்தாலும் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது மேரு வேலி. நெடுஞ்சாலையின் ஈப்போ வடக்குச் சாவடியை ஒட்டி, ஜெலாப்பாங் பக்கம், கிலேடாங் மலையடிவாரத்தில் இருக்கிறது. மொத்தம் 27 குழிகள். பள்ளத்தாக்கு, ஆறு, அருவி என்று மூன்று ஒன்பது குழிப் பிரிவுகள். இங்கே வீடும் திடலும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. காவல் வாயில், பங்களாக்கள், அடுக்குமாடிகள், நடுவே புல்வெளி. காலையில் மலையிலிருந்து இறங்கும் மூடுபனியைப் பார்த்ததும் அக்கா இங்கேயே இருந்துவிடலாம் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்படிப்பட்ட இடத்தில் வீடு பார்க்கிறவர்கள் அழகோடு வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அடிக்கும் பந்து தவறினால் வலப்பக்கமாக வளைந்து போகும். ஆகவே முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டரில், ஆடுதளத்தின் வலது ஓரத்தில் நிற்கும் வீடுகளின் கூரைக்கும் கண்ணாடிக்கும் ஆபத்து அதிகம். குழி இருக்கும் பச்சைத் தளத்துக்குப் பின்னால் நிற்கும் வீட்டுக்கும் அப்படியே. புல் வெட்டும் இயந்திரம் விடியுமுன்பே ஓடத் தொடங்கும். ஈப்போவில் பிற்பகல் இடி மழை வழக்கம். மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் ஆட்டம் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதை யார் நிர்ணயிக்கிறார்கள், அடுக்குமாடி என்றால் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி குடியிருப்போர் நிர்வாகம் அமைந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். இதைவிட முக்கியம், வீட்டுப் பத்திரம் வேறு, திடலின் பத்திரம் வேறு. திடலைப் பார்த்த வீட்டை வாங்கினாலும் திடல் நமதாகாது. கிளப் உறுப்பியத்தைக்கூடப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மேருவிலிருந்து வடக்கே போனால் சுங்கை சிப்புட், அதைத் தாண்டி கோலகங்சார். வீடு பார்க்கும் பயணத்தில் இந்த வழி தேவையில்லைதான். ஆனாலும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தை அத்தானுக்குக் காட்ட விரும்பினேன். 1877-இல் ஹியூ லோ என்ற ஆங்கில ரெசிடென்ட் தன் தோட்டத்தில் நட்ட கன்றுகளின் காலத்து மரம் அது. எங்கள் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்த தொழிலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கோல்ஃப் ஆட்டத்துக்கும் பால் மரத்துக்கும் உள்ள உறவு திடல்களுக்கு முன்பே தொடங்கியது. 1848-இல் கட்டா பெர்ச்சா பந்து வந்தபோதுதான் அதுவரை செல்வந்தர்களால் மட்டுமே வாங்க முடிந்த இறகுப் பந்து ஒழிந்தது. அந்தப் பிசின் மலாய் தீபகற்பத்துக் காடுகளின் தாபான் மரத்துப் பால். பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் அதுவே உறையானதால் காடுகள் வெறுமையாயின. 1898-இல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் இழையை இறுகச் சுற்றிய பந்தை உருவாக்கினார். அதன் பிறகு ஆட்டமே மாறியது. இன்று பந்தின் உள்ளே இருப்பது செயற்கை ரப்பர். ஆனால் பல பத்தாண்டுகள் உலகம் அடித்து விளையாடிய பந்துக்குள் இருந்தது, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றவர்கள் வெட்டி எடுத்த பால். அத்தானுக்கு இது புதுச் செய்தி. மரத்தைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும் வழியில் சுங்கை சிப்புட் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் சொன்னார்: "நாப்பது வருசம் பால் வெட்டினேன் தம்பி. வேல நின்னதும் லயத்தையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அங்க ஒரு கல்லுகூட நம்ம பேர்ல இல்ல."

"இப்ப எங்க இருக்கீங்க ஐயா?" என்று அக்கா கேட்டாள்.

"மவன் வாங்குன வீட்டுலம்மா. சின்ன வீடுதான். பத்திரத்துல அவன் பேரு இருக்கு."

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்று அறுந்தால் மற்றதும் விழுந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்கு விடையாகத்தான் சுங்கை சிப்புட்டின் மகன் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலம் கைமாறினால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பின்னர் 1980, 90-களில் நகரங்களை ஒட்டிய ரப்பர் நிலங்கள் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடல்களுக்கும் மாறின. ஷா ஆலாமின் கிளென்மேரி அப்படிப்பட்ட ஒரு தோட்டம். ஆசியா முழுதும் திடல்கள் பெருகி, நிலமும் நீரும் அவற்றுக்குப் போவதைக் கண்டு, 1993 ஏப்ரல் 29 அன்று மலேசியா, ஜப்பான், தாய்லாந்து அமைப்புகள் ஒன்றுசேர்ந்து உலக அளவில் கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கின. அவர்கள் எழுப்பிய கேள்விகள் இன்றும் நியாயமானவை. ஒரு 18 குழித் திடலுக்கு 50 ஹெக்டருக்கு மேல் நிலம் வேண்டும். ஓயாத நீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும்.

எங்கள் பயணத்தில் அடுத்தது பத்து காஜாவில் இருக்கும் கிளியர்வாட்டர் சாங்சுவரி கோல்ஃப் திடல். பழைய ஈய லம்பம் இருந்த நிலம். தோண்டி விட்ட குட்டைகளெல்லாம் இன்று ஏரிகளாகக் கிடக்கின்றன. கொக்கும் நாரையும் இறங்குகின்றன. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கில் பாழாய்க் கிடந்த மண்ணை இப்படிப் பசுமையாக்கியதை நான் மனமாரப் பாராட்டுவேன். இங்கே யாருடைய வயலும் பறிபோகவில்லை, காடும் அழியவில்லை. ஆனால் வீடு கட்ட இந்த மண் எளிதானதல்ல. மணலும், ஈயம் கழுவிய சேறும் மாறி மாறிப் படிந்த நிலம். அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் பொந்துகள். திடீர்ப் பள்ளங்கள் விழுந்த வரலாறு கிந்தாவுக்கு உண்டு. மண் பரிசோதனை அறிக்கையும் அடித்தூண் விவரமும் கேட்காமல் இங்கே முன்பணம் கட்டக் கூடாது. ஈயக் கழிவில் கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையை எதிர்த்துப் பக்கத்துப் புக்கிட் மேரா மக்கள் 1980-களில் நடத்திய போராட்டமும், 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், மண்ணின் பழைய கதையைக் கேட்பது எத்தனை முக்கியம் என்று சொல்கின்றன.

அங்கிருந்து கெல்லீஸ் மாளிகை கிட்டத்தில். ரப்பர் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததால் முடியாமல் நிற்கும் மாளிகை அது. நோய் பரவித் தொழிலாளர்கள் மடிந்தபோது எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. அக்கா அங்கே கற்பூரம் ஏற்றினாள்.

கடைசியாகக் கடற்கரை. ஈப்போவிலிருந்து லூமுட் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிண்டிங்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் டாமாய் லாவுட். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே 18 குழித் திடல். எதிரே பங்கோர் தீவு. பயணத்தில் கண்ட திடல்களில் கண்ணுக்கு மிக அழகானது இதுதான். வடக்கே செகாரியில் ஆமைகள் முட்டையிடும் கரை. படகேறினால் மாசி மகத்துக்குப் பேர்போன பங்கோர் பத்திரகாளியம்மன் கோயில். ஆனால் கடற்கரை ஓய்வில்லப் பகுதிகளில் வார நாட்களில் பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கும். வார இறுதியில் விருந்தினர் கூட்டம். உப்புக் காற்று இரும்பையும் குளிர்சாதனத்தையும் சீக்கிரம் தின்றுவிடும். அவசரம் என்றால் ஆற்றைத் தாண்டி ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

இதே கடற்கரையில் சற்றுத் தெற்கே தெலுக் ருபியா. அங்கேயும் ஒரு காலத்தில் கோல்ஃப் திடலும் கடற்கரை விடுதியும் இருந்தன. இன்று அங்கே நிற்பது பிரேசிலின் வாலே நிறுவனத்தின் இரும்புத் தாது முனையம். 2014-இல் இயங்கத் தொடங்கியது. 4 லட்சம் டன் சுமக்கும் கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. திடல் என்பது நிலத்தின் ஒரு பருவம் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தோட்டம் திடலாகலாம்; திடல் துறைமுகமாகலாம். பக்கத்தில் வீடு வாங்கியவரைக் கேட்டுக்கொண்டு அது நடக்காது.

ஆக, என் தீர்ப்பு இது. முதுமையில் நிரந்தரமாகத் தங்க விரும்புகிறவர்களுக்கு ஈப்போ நகரமே நல்லது. கையில் பணமிருந்தால் ராயல் பேராக் வட்டாரம், காவலும் அமைதியும் வேண்டுமென்றால் மேரு. மண் அறிக்கை நம்பிக்கை தந்தால் பத்து காஜா சிக்கனமான தேர்வாக அமையக்கூடும். டாமாய் லாவுட்டை விடுமுறைக்குப் போய்வரும் இடமாகவே வைத்துக்கொள்ளலாம். வாழ்நாள் சேமிப்பை அங்கே போட நான் சொல்ல மாட்டேன். அக்காவும் அத்தானும் ஈப்போவில் எந்தத் திடலையும் பார்க்காத ஒரு தாமானில் தனி வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தான் வாரத்தில் ஒருநாள் கட்டணம் கட்டி ஆடிவிட்டு வருகிறார். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் திடல் ஓரத்து வீட்டைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், முன்பணம் கட்டுமுன் நில அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் மனைக்கு மட்டுமின்றி, திடல் இருக்கும் நிலத்துக்கும் சேர்த்துப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். உரிமையாளர் யார், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், நிலத்தின் மீது கடன் உண்டா, எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டணம் சொற்பம். பத்திரமில்லாத கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் நாம். கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை முழுதாகப் படிப்பது அந்தத் தலைமுறைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை.