தூக்கமா, துவளலா?

எங்கள் ஊர் படவேடு, ஜவ்வாது மலையடிவாரம். ஆடி மாசம் ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் அம்மாக்களின் தோளில் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்தாலே, தூக்கத்துக்கு நம்மிடம் எத்தனை சொற்கள் என்பது விளங்கும். ஒன்றுக்குக் கண் சொக்கும், ஒன்று தூங்கி வழியும், இன்னொன்று கோழித் தூக்கம் போடும். நம் வீட்டுக்காரர்கள் மட்டும், "சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்பார்கள்!

மகள் ஆங்கிலப் பாடம் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சில சொற்கள் பழகிவிட்டன. கண் செருகினால் 'டிரௌஸி'. உட்கார்ந்தபடியே அசந்தால் 'டோஸ்'. குட்டித் தூக்கம் 'நாப்'. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், "பிரெஞ்சுல பகல் தூக்கம் 'சியெஸ்த்' அண்ணி. தூங்கி விழறது 'தொம்பே த சொமேய்'. தொம்பேன்னா விழறதுதான்" என்றாள். பாருங்களேன், தூக்கம் வந்தால் நம்மைப் போலத்தான் அவர்களும் விழுகிறார்கள்!

இவற்றில் 'டிரௌஸி' என்பதை மட்டுமாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சளி மருந்துப் புட்டிகள் பலவற்றில், 'டிரௌஸினஸ்' வரலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். குளோர்பெனிரமைன் போன்ற மருந்துகள் மூளையின் விழிப்பைக் குறைப்பதால் வரும் மப்பு அது. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பெரிய பிள்ளைக்கு வாங்கியதைச் சின்னதுக்கும் அரை ஸ்பூன் ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் காய்ச்சல். "அசந்து தூங்குது, எழுப்பாதே" என்றார் பாட்டி. பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. எழுப்பிப் பார்த்தாள். லேசாகக் கண் திறந்தது. பாலுக்கு வாய் வைக்காமல் மறுபடி துவண்டது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் முதலில் கேட்டதே, "எழுப்பினா முழிக்குதா? பால் குடிக்குதா?" என்றுதான். நேரத்தோடு போனதால் பாப்பா பிழைத்தது.

தூங்குகிற குழந்தை எழுப்பினால் சிணுங்கும், விழிக்கும், பால் குடிக்கும். விழிக்காமல் துவண்டாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததையெல்லாம் கக்கினாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் பேச இங்கிலீஷும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். "எழுப்பினா எழுந்துக்கல, பால் குடிக்கல" என்று நம் பேச்சிலேயே சொல்லுங்கள். அது போதும்.